கடலோரச் சிறப்புப் பள்ளியில் யார் படிக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் கடலோரத்தில், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கான ஒரு சின்ன அரசுச் சிறப்புப் பள்ளியில் பல வருடம் சேர்க்கைப் பதிவேடு எழுதியவள் நான். ஆய்வுக்கு வரும் பி.எட். மாணவர்கள், பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட வருகிறவர்கள், பிள்ளையைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று வாசலில் நிற்கும் பெற்றோர், மேலிடத்திலிருந்து போனில் 'உடனே அனுப்புங்கள்' என்று புள்ளிவிவரம் கேட்பவர்கள் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பள்ளியின் பெயரும் ஊரும் இதில் இருக்காது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

மொத்தம் எத்தனை பிள்ளைகள்?

கணக்குக்காக 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான எண் அது இல்லை, ஆனால் இந்த மாதிரிப் பள்ளிகளின் அளவு புரியும்.

40 பேர் உள்ள பள்ளியில் ஒரு பிள்ளை என்பது 2.5 சதவீதம். அண்ணன், தங்கை இருவரும் ஒன்றாகச் சேர்ந்தால் 5 சதவீதம் ஏறிவிடும். அப்படிச் சேர்வது இங்கே அபூர்வமும் இல்லை. திருப்பூருக்குப் பிழைக்கப் போன ஒரு குடும்பம் மகளைக் கூட்டிக்கொண்டு போனால், 'பெண் குழந்தைகள் சேர்க்கை சரிவு' என்று அறிக்கையில் ஒரு வரி வந்துவிடும். அதனால் எங்கள் மாதிரிப் பள்ளியைப் பற்றி எழுதுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: சதவீதம் போடாதீர்கள், தலையை எண்ணுங்கள். அப்புறம், அந்த எண்ணிக்கையில் யார் இல்லை என்று கேளுங்கள். இரண்டாவதுதான் முக்கியம்.

என்னென்ன குறைபாடு உள்ளவர்கள் வருகிறார்கள்?

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்த பல்வகைக் குறைபாடு. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளும் உண்டு. ஆனால் அதற்கெனத் தனிக் கட்டம் கிடையாது, அறிவுசார் குறைபாட்டில்தான் எழுதுவோம். பார்வை, செவித்திறன் குறைபாட்டுக்கு வேறு பள்ளிகள் இருக்கின்றன.

பழைய பதிவேடுகளைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1995ஆம் வருடச் சட்டத்தில் இருந்தவை 7 வகைக் குறைபாடுகள்தான். 2016இல் வந்து 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிசம் என்ற சொல்லே அந்த 7இல் இல்லை. பேசாத, கண்ணைப் பார்க்காத, கையை உதறிக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கும் 'மனவளர்ச்சி குன்றியவர்' என்று ஒரே முத்திரைதான் அப்போது. சட்டம் மாறிய பிறகு சான்றிதழைப் புதுப்பிக்கப் போன சில பிள்ளைகள் ஆட்டிசம் என்ற புதுப் பெயரோடு திரும்பி வந்தார்கள். பிள்ளை அதே பிள்ளை. எட்டு வருடத்தில் ஆட்டிசம் இவ்வளவு கூடிவிட்டதா என்று வரைபடம் போட்டுக் காட்டிய ஒரு மாணவியிடம், கூடியதில் எவ்வளவு நோய், எவ்வளவு பேனா என்று பிரித்துப் பார்க்கச் சொன்னேன்.

பதிவேட்டில் 50, 75, 90 என்றே திரும்பத் திரும்ப வருகிறதே, சான்றிதழில் ஏதும் தவறா?

இல்லை. அறிவுசார் குறைபாட்டைச் சதவீதமாக மாற்ற ஒரு படிக்கட்டு இருக்கிறது. லேசானது 50, நடுத்தரம் 75, கடுமையானது 90, மிகக் கடுமையானது 100. இடையில் 63, 82 என்றெல்லாம் வராது. சட்டம் தரும் பெரும்பாலான உரிமைகளுக்கு 40 சதவீதம் வாசற்படி. லேசானது என்று சொல்லப்படும் பிள்ளையும் அதைத் தாண்டிவிடும்.

பதினாறு வயதுப் பையன் இரண்டாம் வகுப்பில் இருப்பதாகக் கணினியில் காட்டுகிறது. எப்படி?

கணினி ஒரு வகுப்பு எண்ணைக் கேட்கிறது, நாங்கள் ஒன்றைக் கொடுக்கிறோம். அவ்வளவுதான். பள்ளிக்குள் பிள்ளைகளைப் பிரிப்பது முன்பருவம், ஆரம்பநிலை, இடைநிலை, தொழிற்பயிற்சிக்கு முந்தையது, தொழிற்பயிற்சி என்றுதான். ஒருவன் சட்டைப் பொத்தான் போடக் கற்கிறானா, பணம் எண்ணக் கற்கிறானா என்பதை வைத்துத்தான் அவனுடைய இடம். வயது ஒரு பக்கம் இருக்கும், வகுப்பு ஒரு பக்கம் இருக்கும்.

சேரும் வயதுதான் உற்றுப் பார்க்க வேண்டியது. மூன்று வயதில் வந்தால் எவ்வளவோ செய்யலாம். இங்கே ஏழு, ஒன்பது, சில சமயம் பன்னிரண்டு வயதில் முதன்முதலாக வருகிறார்கள். 'அவுக அப்பாவும் லேட்டாத்தான் பேசினாக' என்று வீட்டில் காத்திருந்த வருடங்கள் அவை. அல்லது பக்கத்துப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்து, கடைசி பெஞ்சில் மூன்று வருடம் உட்காரவைத்து, பிறகு ஒருநாள் 'இனி முடியாது' என்று அனுப்பிவிட்ட வருடங்கள். சட்டப்படி அப்படி அனுப்பக் கூடாது. ஆனாலும் நடக்கிறது.

ஆண் பிள்ளைகள் ஏன் இவ்வளவு அதிகம்?

நல்ல கேள்வி, இரண்டு பதில் உண்டு.

ஒன்று உடம்பு சார்ந்தது. ஆட்டிசம் பெண்களைவிட ஆண்களிடம் மூன்று, நான்கு மடங்கு அதிகமாகக் கண்டறியப்படுகிறது. அறிவுசார் குறைபாட்டிலும் ஆண்கள் கொஞ்சம் கூடுதல்தான், ஏனென்றால் எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் கோளாறுகள் பையன்களைத்தான் அதிகம் பிடிக்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் மாற்றுத்திறனாளிகளில் ஆண்கள் 56 சதவீதம், பெண்கள் 44 சதவீதம். ஆகவே பாதிக்குப் பாதி இருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை.

ஆனால் பதிவேட்டில் தெரியும் இடைவெளி முழுவதையும் குரோமோசோம் தலையில் கட்டிவிட முடியாது. இந்த மாவட்டத்தில் 1,000 ஆண்களுக்கு 983 பெண்கள் என்றது அதே கணக்கெடுப்பு. பதிவேட்டில் காணாத பெண்கள் பிறக்காமல் போனவர்கள் அல்ல. வீட்டுக்குள் இருக்கிறார்கள். பெண் பிள்ளைக்குப் பத்து, பதினொரு வயது வந்ததும் அம்மாவுக்குப் பயம் தொடங்குகிறது. வேனில் யார் வருகிறார்கள், டிரைவர் யார், கூட ஆயா உண்டா, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, மாதவிலக்கு நாளில் யார் கவனிப்பார்கள் என்று கேட்பார்கள். இதற்கெல்லாம் தெளிவான பதில் கொடுக்க முடிந்த வருடங்களில் பெரிய பெண்கள் வந்தார்கள். முடியாத வருடங்களில் நின்றுவிட்டார்கள். இதைவிடப் பெரிய சமூகக் காரணம் தேடி நான் அலையவில்லை.

இன்னொன்று. பத்து வயதுக்கு மேல் நிற்கும் பெண் பிள்ளைக்குப் பதிவேட்டில் 'நீண்ட நாள் வராதவர்' என்று எழுதுவோம். காரணம் எழுத அதில் இடம் இல்லை.

எந்தெந்த ஊர்களிலிருந்து வருகிறார்கள்?

ராமநாதபுரம் கடற்கரையை வரைபடத்தில் பாருங்கள். வடக்கே எஸ்.பி. பட்டினம், தொண்டியில் தொடங்கி திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் வழியாகப் பாக் நீரிணை ஓரமாகவே இறங்கி, மண்டபத்தில் மூக்கு நீட்டி, பாம்பன் பாலம் தாண்டி ராமேஸ்வரம் தீவு. திரும்பினால் மன்னார் வளைகுடாப் பக்கம் புதுமடம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர். நீளமான, ஒடுங்கிய மாவட்டம். எந்த ஊரில் சிறப்புப் பள்ளி வைத்தாலும் இரண்டு முனையும் தூரமாகத்தான் இருக்கும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் டவுன் மட்டுமே 50 கிலோமீட்டருக்கு மேல்.

அதனால் எங்கள் பதிவேட்டில் உள்ள ஊர்ப் பெயர்களை வரைபடத்தில் புள்ளி வைத்தால், குறைபாடு எங்கே அதிகம் என்று தெரியாது. வேன் எங்கே போகிறது என்று தெரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊர்களில் புள்ளி மேல் புள்ளி விழும். சாலையிலிருந்து கடலைப் பார்த்து மூன்று கிலோமீட்டர் உள்ளே போக வேண்டிய குப்பங்களில் ஒன்றுகூட விழாது. அங்கே பிள்ளைகள் இல்லாமல் இல்லை. ஒருமுறை கணக்கெடுக்கப் போனபோது ஒரே தெருவில் மூவரைப் பார்த்தேன். மூவரும் எங்கள் பட்டியலில் இல்லை.

டவுன் பஸ்ஸில் போகலாமே என்பார்கள். போகலாம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமில்லை, அதன்பின் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் அதைக் கொடுத்தார்கள். பல அம்மாக்களுக்கு அது பெரிய உதவி. பஸ் வரும் நேரமும் பள்ளி நேரமும் ஒத்துவந்தால்தான் இலவசமும் பயன்படும். தவிர, நெரிசலில் கத்தும் பன்னிரண்டு வயதுப் பையனைத் தினமும் இரண்டு முறை பஸ்ஸில் கூட்டிப்போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பயணம் என்னவென்று தெரியும்.

தீவுப் பிள்ளைகளுக்கு ரயில் ஒரு வழியாக இருந்தது. பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ஓட்டம் நின்று, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும் வரை அதுவும் இல்லை. அந்தச் சமயத்து வருகைப் பதிவை எடுத்து 'தீவுப் பகுதியில் ஆர்வம் குறைவு' என்று யாரும் எழுதிவிடக் கூடாது.

சாதி, மத வாரியாக எப்படி?

கடற்கரை எப்படியோ அப்படித்தான். கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம் பக்கத்து முஸ்லிம் பிள்ளைகள், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துக் கிறிஸ்தவ மீனவர் பிள்ளைகள், மற்ற ஊர்களின் இந்து மீனவர், விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாம் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மாவட்டம் முழுவதற்கும் 2011இல் முஸ்லிம்கள் ஏறத்தாழ 15 சதவீதம், கிறிஸ்தவர் 7 சதவீதத்தை ஒட்டி. கடலோரத்தை மட்டும் தனியாகப் பார்த்தால் கலவை வேறு மாதிரி இருக்கும். ஆகவே எங்கள் பள்ளியை மாவட்டச் சராசரியோடு ஒப்பிட்டு, அதிகம், குறைவு என்று சொல்வதில் அர்த்தமில்லை.

சாதிக் கட்டத்தில் வேறொரு சிக்கல். தமிழ்நாட்டுக் கணக்கில் பி.சி., பி.சி. முஸ்லிம், எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.சி. அருந்ததியர், எஸ்.டி. என்று பிரிப்போம். ஒன்றிய அரசின் யுடைஸ் என்ற பள்ளிப் புள்ளிவிவரப் படிவத்துக்குப் போகும்போது பொது, எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. என்று நான்குதான். கீழக்கரை முஸ்லிம் வியாபாரி மகனும் பாம்பன் மீனவர் மகளும் ஓ.பி.சி. என்ற ஒரே கட்டத்தில் விழுவார்கள். மேலே போகப் போகக் கடற்கரையே அந்தத் தாளிலிருந்து மறைந்துவிடும்.

மண்டபம் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து பிள்ளைகள் வருவார்களா என்றும் கேட்கிறார்கள். பள்ளிக்கு எந்தத் தடையும் இல்லை. தாள்களைத் தயார் செய்யத்தான் கொஞ்சம் கூடுதலாக அலைய வேண்டும்.

எல்லாம் சொந்தத்தில் கல்யாணம் செய்வதால்தானே?

வருகிறவர்களில் பாதிப் பேர், பாயசம் பரிமாறும்போதே, பிள்ளையின் அம்மா காதில் விழும்படி இதைக் கேட்பார்கள். தயவுசெய்து வேண்டாம்.

சரி, உண்மை என்ன? தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேல் உறவுத் திருமணம் என்கிறது 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. இந்திய அளவில் உயர்ந்த விகிதங்களில் ஒன்று. எந்தத் தம்பதிக்கும் 100 பிறப்பில் 2, 3 பிள்ளைக்குப் பிறவிக் குறை இருக்க வாய்ப்பு உண்டு. அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் அது ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. தாய்மாமனைக் கட்டினால் இன்னும் கூடும். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் பாதிக்கப்பட்டிருந்தால் பரம்பரைக் காரணத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும், அடுத்த பிள்ளைக்கு முன் மரபியல் ஆலோசனை கேட்க வேண்டும்.

ஆனால் 'எல்லாம்' இல்லை. டவுன் சிண்ட்ரோம் சொந்தத்தால் வருவதில்லை, தாயின் வயதோடுதான் அதற்கு அதிகத் தொடர்பு. பிரசவ வலி எடுத்து ஆஸ்பத்திரி போய்ச் சேர நேரமாகி, பிள்ளைக்கு மூச்சுத் திணறி, அழாமல் பிறந்து மூளை முடக்குவாதம் ஆனவர்கள் இருக்கிறார்கள். பிறந்த மூன்றாம் நாள் மஞ்சள் காமாலை ஏறியவர்கள், மூளைக் காய்ச்சல், வலிப்பு வந்தவர்கள், எட்டாம் மாதத்திலேயே பிறந்தவர்கள் எல்லாம் உண்டு. சேர்க்கைப் படிவத்தில் 'பெற்றோர் உறவினரா' என்று ஒரு கட்டம் இருக்கிறது. 'பிறந்ததும் அழுததா' என்பதை நாங்கள் ஓரத்தில் கையால் எழுதுவோம்.

ஏர்வாடிக்கும் உங்கள் பள்ளிக்கும் சம்பந்தம் உண்டா?

இல்லை. ஏர்வாடி தர்காவுக்கு மனநோய் தீர வேண்டும் என்று பல ஊர்களிலிருந்து வருவார்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது.

மனநோய் வேறு, அறிவுசார் குறைபாடு வேறு. 2016 சட்டத்தின் பட்டியலிலும் தனித்தனி. இந்தக் கடற்கரையில் இரண்டையும் 'மெண்டல்' என்ற ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். எங்களிடம் வருவதற்கு முன் தாயத்து, வேண்டுதல், தர்கா, கோயில், சர்ச் என்று எல்லா இடமும் சுற்றி வந்த பிள்ளைகள் உண்டு. சுற்றியதை நான் குறை சொல்லமாட்டேன். பிள்ளைக்கு என்னவென்று யாரும் உட்காரவைத்துச் சொல்லாதபோது பெற்றவர்கள் வேறெங்கே போவார்கள்?

பதிவேட்டில் 40 என்றால் தினமும் 40 பேர் வருவார்களா?

வரமாட்டார்கள். சேர்க்கை ஒன்று, வருகை ஒன்று.

யுடைஸ் கணக்குக்கு நெடுங்காலமாகச் செப்டம்பர் 30தான் கணக்கு நாளாக இருந்துவந்தது. எங்கள் வருடத்தில் அது ஏறக்குறைய மிக நல்ல நாள். மழை இன்னும் தொடங்கியிருக்காது, கடல் ஓடும், வீட்டில் காசு புழங்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்ததும் பாருங்கள். நவம்பர், டிசம்பரில் புயல் எச்சரிக்கை, தண்ணீர் நிற்கும் தெரு, சளி, வலிப்பு என்று ஒவ்வொருவராகக் குறைவார்கள். டிசம்பரில் யாராவது வந்து எண்ணினால் எங்களைப் பொய்க் கணக்கு எழுதுகிறவர்கள் என்பார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதில் பெரும்பகுதி கோடை விடுமுறையில் போய்விடுவதால் வருகையில் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் பள்ளி திறக்கும்போது வீட்டில் கடன் ஏறியிருக்கும். அம்மா பாசி எடுக்கவோ கருவாட்டு வேலைக்கோ போய்விட்டால் பிள்ளையை வேன் நிற்கும் இடம் வரை கூட்டிவர ஆள் இருக்காது. மாணவனின் வருகை என்று நாங்கள் எழுதுவது பல நாள் அம்மாவின் வருகைதான்.

எல்லை தாண்டியதாக அப்பா இலங்கைச் சிறையில் இருக்கும் மாதங்களும் உண்டு. அம்மா சங்கத்துக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் ஓடிக்கொண்டிருப்பாள். அந்தப் பிள்ளைக்கு 'வ.இ.' (வருகை இல்லை) என்று சிவப்பு மையில் போடக் கை வராது, ஆனாலும் போட்டுத்தான் ஆக வேண்டும்.

சேர்க்கை குறைந்தால் பள்ளி மோசமாகிவிட்டது என்று அர்த்தமா?

அவசரப்பட்டு அப்படிச் சொல்ல வேண்டாம். 6 முதல் 18 வயது வரை, 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள பிள்ளைக்குப் பக்கத்துப் பள்ளியிலோ விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்க உரிமை உண்டு. தெரிவு குடும்பத்தினுடையது. லேசான குறைபாடு உள்ள பிள்ளைகள் பலர் இப்போது சொந்த ஊர்ப் பள்ளியிலேயே படிக்கிறார்கள். வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் போகிறார். வெளியே வரவே முடியாதவர்களுக்கு வீட்டுக்கே போகிறார்கள். செவித்திறன் பள்ளிகளில் இது இன்னும் நன்றாகத் தெரியும். ஆறு வயதுக்குள் காது கேட்க உதவும் காக்ளியர் கருவி பொருத்த முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உதவுவதால், முன்பு அந்தப் பள்ளிகளுக்கு வந்திருக்கக்கூடிய பிள்ளைகள் பொதுப் பள்ளிக்குப் போகிறார்கள்.

விளைவு, எங்களிடம் எண்ணிக்கை குறைந்தாலும் வேலை குறையவில்லை. முன்பு பத்துப் பேரில் இருவருக்குச் சோறு ஊட்ட வேண்டியிருந்தது, இப்போது ஐந்து பேருக்கு ஊட்ட வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் பணியிடம் மட்டும் தலை எண்ணிக்கையைப் பார்த்து முடிவாகிறது. பொதுப் பள்ளிகளுக்கே தொடக்க நிலையில் 10 சிறப்புத் தேவைப் பிள்ளைக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15க்கு ஒருவர் என்று 2022இல் ஒன்றிய அரசு அறிவித்தது. டயப்பர் மாற்றும் வகுப்பில் பத்துப் பேரை ஒருவர் பார்ப்பது எப்படி என்று அறிவித்தவர்கள் ஒருநாள் வந்து பார்த்தால் தேவலை.

முழுப் பட்டியலை ஏன் வெளியிடுவதில்லை?

பின்னால் சொல்வதாக முதலில் சொன்ன காரணம் இதுதான். 'பெண், 13 வயது, பல்வகைக் குறைபாடு, இன்ன ஊர்' என்று அட்டவணையில் ஒரு '1' போட்டால், அந்த ஊரில் எல்லோருக்கும் அது யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும். பெயர் போடாதது பாதுகாப்பே அல்ல. அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கும் வீடாக இருந்தால் இன்னும் சிக்கல். 2023ஆம் வருட டிஜிட்டல் தனிநபர் தரவுச் சட்டமும் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் விவரத்துக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆய்வுக்குக் கேட்பவர்களுக்கு ஐந்துக்குக் குறைவான எண் வரும் கட்டங்களை ஒன்றாகச் சேர்த்துத்தான் தருவேன். ஊர்ப் பெயர் தரமாட்டேன். பள்ளிப் பெயரை இங்கே போடாததும் அதனால்தான்.

போட்டோவும் அப்படியே. கேக் வெட்டுங்கள், போனை உள்ளே வையுங்கள்.

18 வயது ஆனதும்?

பதிவேட்டிலிருந்து பெயர் நீங்கும். வீட்டில் பிள்ளை அப்படியேதான் இருப்பான். 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 18க்குப் பிறகு சட்டப்படி பாதுகாவலர் நியமிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவுக்கு மனுப் போடலாம். பெற்றவர்களே ஆனாலும் போட வேண்டும். வங்கிக் கணக்கு, சொத்து விஷயங்களில் அப்புறம் அலைச்சல் குறையும். அதே சட்டத்தின் கீழ் நிராமயா என்ற ஒரு லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடும் இருக்கிறது, அதற்கு 18 ஆகக் காத்திருக்க வேண்டியதில்லை.

பிள்ளையைச் சேர்க்க என்ன எடுத்துவர வேண்டும்?

ஆதார், பிறப்புச் சான்றிதழ், முன்பு படித்திருந்தால் மாற்றுச் சான்றிதழ், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு எதுவானாலும். அட்டை இல்லையென்றாலும் வாருங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க நாங்கள் எழுதிக் கொடுக்கிறோம். யுடிஐடி என்ற, நாடு முழுவதற்குமான மாற்றுத்திறனாளி அட்டைக்கு ஆன்லைனிலும் பதியலாம். ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருப்பதால், முன்பு போல் ஒவ்வொன்றுக்கும் மதுரைக்கு ஓட வேண்டியதில்லை.

வலிப்பு மாத்திரை சாப்பிடும் பிள்ளையென்றால் அந்த மாத்திரை அட்டையைக் கட்டாயம் கொண்டுவாருங்கள். காலையில் பத்து மணிக்கு மேல் வந்தால் நிதானமாகப் பேசலாம், அதற்கு முன் வேனிலிருந்து பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருப்போம்.